வங்கி மூடிய நாளும் கோப்பித் தோட்டக் காணியும்

காசு கையை விட்டுப் போகும், காணி போகாது என்னும் எண்ணம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிய ஒன்றாகும். பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதுவதும், பிறதேசம் சென்று உழைத்தவன் ஊர் திரும்பியதும் முதன்முதலாக ஒரு துண்டு நிலம் வாங்குவதும் இந்த எண்ணத்தின் வழி வந்த வழக்கங்களேயாம். ஆயினும், நாட்டின் கொடுக்கல் வாங்கல்கள் யாவும் ஒருசேர முடங்கிப்போகும் காலத்தில் காணியின் கதி யாது? அதனை விற்பதா, வைத்திருப்பதா? ஈடு வைத்த கடனுக்கு வட்டி கட்டுவது எங்ஙனம்? கடன் கொடுத்தவன் காணியைப் பற்றிக்கொண்டால் அதனால் அவன் அடையும் பயன் என்ன? இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் இலங்கையின் மலைநாட்டிலே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இருமுறை எழுந்தன. முதன்முறை 1847ஆம் ஆண்டையொட்டி எழுந்தன. இரண்டாம் முறை, 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி சனிக்கிழமையன்று ஓரியன்டல் வங்கி கொடுப்பனவை நிறுத்திக் கதவை மூடியபோது, முன்னிலும் கடுமையாக எழுந்தன.

அந்த வங்கியின் வீழ்ச்சியை விளங்கிக் கொள்ளுதற்கு, மலைநாட்டுக் காடு விலைப்பொருளான வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். 1820களில் தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பான்ஸ் கண்டி வீதியை அமைத்ததோடு, பேராதனைக்கு அணித்தாயுள்ள கன்னொறுவையிலே தாமே கோப்பி பயிரிட்டும் காட்டினார். 1833ஆம் ஆண்டு தொடக்கம் முடிக்குரிய காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் அடிப்படை விலைக்கு விற்பனைக்கு விடப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமையால் அங்கே கோப்பி விளைவு குன்றிற்று. 1835இல் பிரித்தானிய அரசாங்கம் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வையை விதித்தது. இவ்விரண்டும் சேர்ந்து, இலங்கைக் கோப்பியில் பணம் போட்டவன் நட்டமடையான் என்ற நம்பிக்கையை இலண்டனிலும் கொழும்பிலும் தோற்றுவித்தன.

பின்னர் நிகழ்ந்ததைக் காணிப் பித்து என்றே கூறல் பொருந்தும். படைத்தலைவர், நீதிபதி, பாதிரிமார், அரசாங்க உத்தியோகத்தர் என எல்லா வகுப்பினரும் காடு வாங்கினர். காணியை விற்கும் பொறுப்பிலிருந்தவர்களே அதனை வாங்குபவர்களாகவும் இருந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்கு உரியனவென்று கொள்வதற்கு வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் அந்நிலங்களை அனுபவித்து வந்த கண்டிக் கிராமத்தவரிடம் அனுபவ உரிமை இருந்தது. எழுத்திலமைந்த உறுதி பெரும்பாலும் இருந்ததில்லை. ஆகவே, ஒரு சாராருக்குக் காணி ஏக்கர் ஐந்து சிலிங்காகக் கிடைத்த அதே காலத்தில், மற்றொரு சாராருக்கு அது கையை விட்டுப் போயிற்று. 1844இல் அடிப்படை விலை ஏக்கருக்கு இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. விலை உயர்ந்ததைக் கண்டு வாங்குவோர் அஞ்சினாரல்லர். விலை மேலும் ஏறும் என்பதற்கு அதனையே சான்றாகக் கொண்டனர்.

இந்தப் பித்தம் தெளிய நெடுநாள் செல்லவில்லை. பிரித்தானியா தன் குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு அளித்துவந்த தீர்வைச் சலுகை குறைக்கப்பட்டது. யாவாவினதும் பிறேசிலினதும் கோப்பி மலிவாக வந்து சந்தையை நிரப்பியது. 1847இல் இங்கிலாந்திலே பெரும் பண நெருக்கடி உண்டாயிற்று. முன்பணம் அனுப்பிவந்த இலண்டன் வர்த்தக நிலையங்கள் கையை விரித்தன. அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட், பின்னர் 1859இல் வெளியிட்ட தமது நூலில், தோட்டங்களை ஆக்குவதற்குச் செலவிட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குக்கு அவை விற்கப்பட்டனவென்றும், விற்கவும் முடியாதவை காடாகிப் போயினவென்றும் குறித்துள்ளார். தொடக்கத்தில் பணம் போட்டவர்களுள் பத்திலொருவர் தாமும் தாம் உண்டாக்கிய தோட்டத்தின் உடைமையாளராக நிலைத்திருந்தனரோ என்பது ஐயமே என்பதும் அவர் கருத்து.

தோட்டங்களின் முடக்கம் தோட்டங்களோடு நிற்கவில்லை. கோப்பி ஏற்றுமதியையும் காணி விற்பனையையும் நம்பியிருந்த அரசிறை வீழ்ச்சியுற்றது. அந்தக் குறையை நிரப்புதற்கு டொறிங்டன் பிரபுவின் அரசாங்கம் 1848இல் துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் வரி விதித்தது. வீதி அமைப்பதற்கு உடலுழைப்போ அதற்கீடான பணமோ தரவேண்டுமென்றும் கட்டளையிட்டது. கோப்பிப் பித்தினால் ஒரு காசும் காணாத கிராமத்தவன் அதன் நட்டத்திற்கு ஈடுசெய்ய அழைக்கப்பட்டான். மாத்தளையிலும் குருநாகலிலும் அவ்வாண்டு மூண்ட கலகத்திற்கு இந்த வரிகள் பெரிதும் காரணமாயின. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். பாராளுமன்ற விசாரணைக்குப் பின்னர் 1850இல் டொறிங்டன் பிரபு திருப்பி அழைக்கப்பட்டார். காணிச் சந்தையொன்று நிலைகுலைந்தால், அதன் அதிர்ச்சி காணி வாங்காதவன் வீட்டுக் கூரையையும் அசைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் மனிதன் பட்டறிவை விரைவில் மறப்பவன். 1850களில் கோப்பி விலை மீண்டது. இருபதில் ஒரு பங்குக்குத் தோட்டம் வாங்கியவர்கள் செல்வராயினர். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மாட்டுவண்டியில் வாரக்கணக்காக இறங்கிய கோப்பி மூட்டைகள் விரைந்து துறைமுகம் சேர்ந்தன. 1870ஆம் ஆண்டில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்டது. இலங்கை என்றால் கோப்பி, கோப்பி என்றால் இலங்கை என்று பேசப்பட்ட காலம் அது.

இச்செல்வத்தின் அடியில் இருந்த கடன் முறையைச் சிறிது நோக்குதல் நன்று. கோப்பிக் கன்று நட்டு மூன்று ஆண்டளவு சென்ற பின்னரே பலன் தரத் தொடங்கும். அதுவரை காடு வெட்டவும், கன்று நடவும், களை பிடுங்கவும், லயன் கட்டவும், அரிசி வாங்கவும் பணம் வேண்டும். தோட்டக்காரர் பலரிடம் அத்துணைப் பணம் இருந்ததில்லை. கொழும்பிலுள்ள முகவர் நிலையம் தோட்டத்தை ஈடாகப் பெற்று, வரவிருக்கும் விளைவின் பேரில் முற்பணம் கொடுத்தது. முகவர் நிலையத்திற்கு வங்கி கொடுத்தது. வங்கிக்கு இலண்டன் சந்தை கொடுத்தது. தோட்டத்து அரிசிக் கணக்குக்குச் செட்டியார்மாரின் கடன் துணையாயிற்று. தொழிலாளருக்கோ கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தக் கடன் துண்டில் எழுதப்பட்டு, அவர்கள் தோட்டம் மாறினால் கூடவே சென்றது. இவ்வாறு, மலையுச்சியில் நின்ற ஒரு கோப்பிச் செடி இலண்டனிலிருந்து இராமநாதபுரம் வரை நீண்ட கடன் சங்கிலியொன்றின் நடுக்கண்ணியாக நின்றது.

அந்தக் கண்ணியைத்தான் நோய் அறுத்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அதனை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் பூஞ்சண அறிஞருக்கு அனுப்பினார். அவர் அதற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பேரழிவு செய்வது என்பது அப்பெயரின் பிற்பகுதியின் பொருள். துவைற்ஸ் ஆபத்தினை உணர்ந்து எச்சரித்தார். ஆனால் அந்நோய் செடியை ஒரே நாளில் கொல்லவில்லை. இலை உதிர்ந்தது, மீண்டும் துளிர்த்தது, விளைவு மட்டும் ஆண்டுக்காண்டு குறைந்து சென்றது. அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்தமையால், பாதி விளைவுக்கும் முழுப் பணம் கிடைத்தது. நோயை விலை மறைத்தது. காணியில் பணம் போடுவோர், பழைய தோட்டத்தில் குறைந்ததைப் புதிய காட்டில் ஈடுசெய்யலாம் என எண்ணித் திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய உயர்நிலங்களை ஏலத்தில் போட்டியிட்டு எடுத்தனர். முன்னர் சிலிங் கணக்கில் விற்ற காடு இப்போது பவுண் கணக்கில் விற்றது. இறப்பதற்கு முன் விளக்குச் சுடர் விட்டெரிவது போன்ற நிலை அது.

1878ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. கடன் சுருங்கியது. பிறேசிலின் கோப்பி பெருகி விலை சரிந்தது. மறைத்திருந்த திரை விலகவே, தோட்டங்களின் உண்மை நிலை வெளிப்பட்டது. 1880இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வாட் என்னும் இளம் அறிஞர், பூஞ்சணத்தின் வித்திகள் காற்றினால் பரவுகின்றனவென்றும், இடைவெளியின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே அதன் ஆற்றலுக்குக் காரணமென்றும் விளக்கினார். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு தோட்டக்காரனும் இலாபம் தரும் பயிரையே நட்டான். எல்லாரும் அதனையே நட்டமை எல்லாரையும் வீழ்த்தியது. காணி முதலீட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். எல்லாருடைய செல்வமும் ஒரே வகைக் காணியில் முடங்கியிருக்குமாயின், ஒருவன் விற்க விரும்பும் நாளில் மற்றவர்களும் விற்கவே விரும்புவர்.

இந்நிலையிலேதான் ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. 1851இல் அரச சாசனம் பெற்ற அவ்வங்கி, கீழைத் தேசங்களிலே பெரும் புகழுடன் விளங்கியது. இலங்கையில் அது கோப்பித் தோட்டங்களின் பேரில் பெருந்தொகை கொடுத்திருந்தது. மீளாத கடன்களின் பொருட்டுத் தோட்டங்கள் சிலவற்றையே ஏற்றுக்கொண்டுமிருந்தது. அன்றியும், அந்நாளில் இலங்கையில் நாணயத்தாள் வெளியிட்டது அரசாங்கமன்று, வங்கிகளே வெளியிட்டன. புழக்கத்திலிருந்த தாள்களுள் பெரும் பகுதி ஓரியன்டல் வங்கியினுடையது. ஆகவே, வங்கி மூடியபோது வைப்புக் கணக்கு வைத்திருந்தவன் மட்டும் பாதிக்கப்படவில்லை. மடியில் முடிந்த தாள் காசாகுமா, காகிதமாகுமா என்று கடைக்காரனும் வண்டிக்காரனும் கலங்கினர். தாளை வாங்க மறுத்தால் வியாபாரம் நிற்கும்; வாங்கினால் கைமுதல் போகும். சம்பளம் கொடுக்க நாணயமில்லை, அரிசி வாங்கக் கடனில்லை, தோட்டம் வாங்க ஆளில்லை என்றவாறு யாவும் ஒருங்கே தடைப்பட்டன.

தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் இந்நேரத்தில் காட்டிய துணிவு வரலாற்றில் குறிக்கத்தக்கது. இலண்டனின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திராமல், ஓரியன்டல் வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அவர் உறுதியளித்தார். அச்சம் தணிந்தது. அதே ஆண்டின் 32ஆம் இலக்க நாணயத்தாள் கட்டளைச் சட்டத்தின்படி, 1885 சனவரி முதலாம் திகதி தொடக்கம் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிட்டது. இன்று இலங்கையர் கையிலுள்ள உரூபாத் தாளின் வரலாறு இந்த நெருக்கடியிலிருந்தே தொடங்குகிறது. தாளுக்கு உறுதி கிடைத்தது; காணிக்கு அத்தகைய உறுதியை எவரும் அளிக்கவில்லை; அளிக்கவும் இயலாது.

எனவே தோட்ட உடைமையாளன் முன்னே நடைமுறை வினாக்கள் நின்றன. விற்பதா, வைத்திருப்பதா என்பது முதலாவது. விற்றால் செலவிட்டதில் சிறு பங்கே கிடைக்கும். வைத்திருந்தால் வட்டி ஏறும். வீடு பூட்டிக் கிடந்தால் ஓரிரு ஆண்டு பொறுக்கும். தோட்டக் காணியோ பொறாது. ஒரு மழைக்காலம் களை பிடுங்காது விட்டால் புல் மூடும். வடிகால் தூர்ந்தால் மேல்மண் ஆற்றோடு போகும். இரண்டாண்டில் தோட்டம் காடாகும். ஆகவே, வைத்திருப்பது என்பதும் செலவே. காத்திருத்தலுக்கும் ஒரு விலையுண்டு என்பதை மலைநாட்டுக் காணி அதன் உடைமையாளனுக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கெழுதிக் காட்டியது.

இரண்டாவது வினா கடன் கொடுத்தவனுடையது. ஈட்டுறுதி கையிலிருக்கிறது, வழக்கிட்டால் தோட்டம் வரும். வந்தபின் செய்வதென்ன? ஏலத்தில் கேட்பாரில்லை. தானே ஏற்றால் களை பிடுங்கவும் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் தானே பணம் போடவேண்டும். பழைய கடனைக் காப்பதற்குப் புதுப்பணம் இறைக்க நேரும். ஓரியன்டல் வங்கி வீழ்ந்ததற்கு இந்தச் சுழலும் ஒரு காரணமாயிற்று. ஆதலால் அறிவுடைய முகவர் நிலையங்கள் பல, கடன்பட்ட தோட்டக்காரனைத் துரத்தாமல், அவனையே தோட்டத்தில் இருத்தி, புதுப் பயிருக்கு மாறும்வரை பொறுத்துக்கொண்டன. பொறுமை இங்கே இரக்கத்தினால் மட்டும் பிறந்ததன்று. காணியை அறிந்தவன் கையில் காணி இருப்பதே கடனுக்குக் காவல் என்ற கணக்கினாலும் பிறந்தது.

மூன்றாவது வினா சம்பளம் பற்றியது. பணம் முடங்கிய தோட்டங்களில் தொழிலாளருக்கு மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையாயிற்று. தோட்டம் கைமாறினால், பழைய உடைமையாளன் கொடுக்கவேண்டியதைப் புதியவன் கொடுப்பானா? ஈட்டுக்காரன் முந்துவானா, உழைத்தவன் முந்துவானா? இவ்வினாவுக்கு 1884ஆம் ஆண்டிலே சட்டம் விடையளித்தது. தோட்டத் தொழிலாளரின் சம்பளம், ஒரு வரையறைக்குட்பட்டு, தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாகும் என அவ்வாண்டின் கட்டளைச் சட்டமொன்று விதித்தது. ஈட்டுக்கடனுக்கும் முன்னே கூலி நிற்கும் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் சட்டம் எழுதப்பட்டமையும் கூலி கைக்கு வந்தமையும் ஒன்றல்ல. நிலுவைக்கு வழக்கிட வல்லவர் சிலரே. தோட்டம் கைவிடப்பட்டபோது பலர் கங்காணியின் கடனைத் தலையிற் சுமந்து வேறு தோட்டம் தேடினர். பலர் மன்னார் வழியே கடல்கடந்து வெறுங்கையுடன் ஊர் திரும்பினர். 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது. ஊரில் வாழ்வு இருந்ததென்று கூறமுடியாது.

நான்காவது வினா, அந்தக் காணியில் இனி எதனை நடுவது என்பது. பலர் முதலில் சிங்கோனாவை நாடினர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் அம்மரத்தின் பட்டைக்கு நல்ல விலை இருந்தது. கோப்பிச் செடிகளுக்கிடையே நடலாம். சில ஆண்டில் பட்டை உரிக்கலாம். முட்டுப்பட்டால் மரத்தையே பிடுங்கிக் காசாக்கலாம். பணமுடையிலிருந்தவர்களுக்கு இது ஊன்றுகோலாயிற்று. ஆனால் இங்கும் எல்லாரும் ஒன்றையே நட்டனர். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் பட்டை கப்பலேறவே, உலகச் சந்தையில் கொயினா விலை வீழ்ந்தது. ஊன்றுகோல் முறிந்தது.

நிலைத்து நின்றது தேயிலையே. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டபோது, அதனை வியப்புக்கன்றி வியாபாரத்துக்கென எண்ணியவர் சிலரே. 1875இல் நாடெங்கும் தேயிலை நின்ற நிலம் சுமார் ஆயிரம் ஏக்கர். 1885இல் அது சுமார் ஓரிலட்சம் ஏக்கராயிற்று. 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. நோயுற்ற கோப்பிச் செடியின் அருகிலேயே தேயிலை விதை ஊன்றப்பட்டது. கோப்பியை வெட்டியெறிந்தபோது தேயிலை எழுந்து நின்றது. வெட்டிய கோப்பித் தண்டுகள் மேசைக் கால்களாக இங்கிலாந்துக்குக் கப்பலேறின என்றும் கூறுவர். பிறேசில் கோப்பியை உலகம் குடித்துக்கொண்டிருக்க, இலங்கைக் கோப்பி ஏற்றுமதி 1890ஆம் ஆண்டையொட்டி ஓரிலட்சம் அந்தர் அளவுக்குச் சுருங்கியது.

இந்த மாற்றத்தைச் சிலர் தோட்டத்துரைமாரின் விடாமுயற்சிக்குச் சான்றாகப் புகழ்வர். அப்புகழில் உண்மையுண்டு. எனினும் காணி யார் கையிற் சேர்ந்தது என்பதையும் நோக்கவேண்டும். தேயிலைக்குக் கொழுந்தெடுத்த அன்றே அதனைப் பதப்படுத்தத் தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும், ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். இவற்றுக்குரிய முதல், கடனில் மூழ்கிய தனித் தோட்டக்காரனிடம் இருந்ததில்லை. நூற்றுக்கணக்கானோர் நாட்டை விட்டு நீங்கினர். அவர்கள் விட்ட இடத்தில் இலண்டனில் பதிவான கம்பனிகள் புகுந்தன. 1886இல் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கம்பனி தோன்றியது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து, விலை தாழ்ந்திருந்த நேரம் பார்த்து, ஊவாப் பகுதியில் தோட்டங்கள் வாங்கினார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. காற்றுள்ள வேளையில் எல்லாரும் தூற்றுவர். காற்றடங்கிய வேளையில் களஞ்சியத்தில் நெல்லுடன் காத்திருக்க வல்லவனே அடுத்த போகத்துக் காணியை வாங்குகிறான். ஓரியன்டல் வங்கியின் இடத்தில் எழுந்த புதிய ஓரியன்டல் வங்கியோ 1892இல் தானும் வீழ்ந்தது.

இனி, ஏலப் பட்டியல்களில் பெருந்தோட்டமாக இடம்பெறாத காணியொன்று உண்டு. கண்டிக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களிலும் கோப்பி வளர்த்தனர். நாட்டின் கோப்பி ஏற்றுமதியில் அவர்களுடைய பங்கும் கணிசமானது. அந்தக் கோப்பி விற்ற காசினாலேயே அவர்கள் தம் வயல்களுக்குரிய நெல்வரியைப் பணமாகச் செலுத்தி வந்தனர். இலைநோய் துரையின் தோட்டத்தையும் கிராமத்தவனின் கொல்லையையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. கோப்பி அழிந்தது, வரி அழியவில்லை. வரி நிலுவைக்காக வயல்கள் விற்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையிலே சிறு துண்டு துண்டாக வயல்கள் ஏலம் போயின. உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர், நிலமிழந்த குடும்பங்கள் பட்டினியால் மடிந்தமையை அறிக்கையிட்டார். நீண்ட கிளர்ச்சிக்குப் பின்னர் 1892இலேயே நெல்வரியை ஒழிப்பதென முடிவாயிற்று.

இங்கே இரு காலக் கணக்குகளை ஒப்புநோக்குதல் தகும். நாணயத்தாள் வைத்திருந்தவனுக்கு அரசாங்கத்தின் உறுதி சில நாட்களுள் கிடைத்தது. பெருந்தோட்டக்காரனுக்கு முகவர் நிலையத்தின் பொறுமை சில ஆண்டுகள் கிடைத்தது. தொழிலாளனுக்குச் சட்டத்தின் சொல் கிடைத்தது. வயலுடைய கிராமத்தவனுக்கோ, அவன் வயல் கைமாறிய பின்னரே நீதி வந்தது. சில உரூபா வரி நிலுவைக்கு ஒரு குடும்பத்தின் வயலை விற்ற அரசாங்கம், அதே காலத்தில் ஒரு வங்கியின் தாள்களுக்கெல்லாம் தானே பொறுப்பேற்றது. முன்னதைச் சட்டம் என்றும் பின்னதை அவசரம் என்றும் அக்கால அலுவலர் பெயரிட்டனர். நெருக்கடியின்போது யார் காத்திருக்க வேண்டும், யார் காத்திருக்கத் தேவையில்லை என்பதைத் தீர்மானிப்பதே ஆட்சியின் மெய்யான அலுவல் என்பது இதனாற் புலப்படும்.

இவை யாவும் பழங்கதை என ஒதுக்கத்தக்கனவல்ல. 2020ஆம் ஆண்டிலே கொள்ளை நோய்த் தடுப்புக்காக நாடு முடக்கப்பட்டபோது, வாடகை வராத வீட்டுக்காரனும் வாடகை கொடுக்க வழியற்ற கடைக்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றனர். கடன் தவணைகளைப் பிற்போட மத்திய வங்கி அவ்வாண்டு ஏற்பாடு செய்தது. 2022இல் நாடே தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலம்விட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் சட்டம் அளித்திருந்த அதிகாரம், 2024இல் சிறிது காலத்துக்கு இடைநிறுத்தப்பட்டது. 1884இல் எழுந்த அதே வினாக்களே வேறு உடையில் மீண்டும் வந்தன. விற்பதா, வைத்திருப்பதா? ஏலம் விடுவதா, பொறுப்பதா? முதலில் யாருக்குக் கொடுப்பது?

காணியில் பணம் போடுவோர்க்குக் கோப்பிக் கால வரலாறு புகட்டும் பாடம் எளியது. காணியின் விலை மண்ணில் மட்டும் இல்லை. அதில் விளைவதிலும், அதனைப் பேண வல்ல கையிலும், கடன் தந்தவனின் பொறுமையிலும் அது பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. கடனின்றி ஓரிரு ஆண்டு தாங்கக்கூடிய அளவுக்கே காணி வாங்கியவன் பிழைத்தான். எல்லாரும் நட்டதை நடாது, சிறிதளவேனும் வேறொன்றை முன்கூட்டியே நட்டுப் பார்த்தவன் தழைத்தான். விலையேற்றத்தை விளைவென மயங்கியவன் வீழ்ந்தான். ஆள்வோருக்கு உரிய பாடமும் எளியதே. முடக்கக் காலத்தில் ஏலமணி அடிக்குமுன், காணியை இழப்பவன் அதன்பின் எங்கே உண்பான், எங்கே உறங்குவான் என்று கேட்டல் வேண்டும். வலப்பனை வயல்களை விற்றவர்கள் அக்கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஏலத்தில் அரசிறைக்குக் கிடைத்தது சில நூறு உரூபாக்களாக இருக்கலாம். அதற்கு நாடு கொடுத்த விலை எந்தக் கணக்கேட்டிலும் அடங்காது.